பிளக்ஸில் ஏறிய சொல்

ராஜபாண்டி காலையில் எழுந்ததும் கேட்டில் தொங்கும் மஞ்சள் பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுப்பான். மூலையைப் பல்லால் கடித்துத் திறப்பான். பாதியைப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்துவிட்டுப் பல் துலக்கப் போவான். பால் பொங்குவதற்குள் வந்துவிடுவான். வராத நாளில் அடுப்பைத் துடைப்பான். இரண்டும் ஒன்றுதான். காப்பியை நின்றுகொண்டே குடிப்பான். கொடியில் கிடக்கும் சட்டையை எடுத்து, இஸ்திரி போடாமல் மாட்டிக்கொள்வான். கேஸை மூடியாயிற்றா என்று பார்ப்பான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பான். பிறகு பசுமலை நிறுத்தத்தில் நின்று திருமங்கலம் பஸ்ஸில் ஏறுவான்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்கிற கம்பெனியில் அவனுக்குத் தரம் பார்க்கிற வேலை. வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடிக்க வேண்டும். கீறல் இருந்தால் ஒரு கூடை, இல்லாவிட்டால் இன்னொரு கூடை. "பி.இ. படிச்சிட்டு வாஷர் நல்லாருக்கான்னு ஓட்டை வழியாப் பாக்குற வேலை. அந்தப் பக்கம் என்ன தெரியுதுன்னு கேட்டா மொறைக்கிறார்" என்று தமிழ்வாணி ஒருமுறை எழுதியிருந்தாள். முகம் தெரியாத நூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள்.

தமிழ்வாணி அவன் மனைவி. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஆசிரியர் அறையில் விடைத்தாள் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்தாள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் என்றார்கள். ராஜபாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் பேசுகிற நிலையில் இல்லை. மறுநாள் முடிந்துவிட்டது. இப்போது பங்குனி.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவன் போனை எடுப்பான். அந்நேரத்துக்குத்தான் 'சன்னலோரம்' விழிக்கும்.

சன்னலோரம் போனில் நடக்கிற ஒரு பயணக் குழு. கார் எடுத்துக்கொண்டு இமயமலைக்குப் போய்ப் படம் போடுகிறவர்களுக்கு வேறு குழுக்கள் இருந்தன. இது அரசு பஸ்ஸில் சன்னல் சீட்டைப் பிடித்து ஊர் பார்க்கிறவர்களுடைய குழு. எந்த ஊர் பஸ் நிலையத்தில் கழிப்பறை சுத்தம், எந்த வண்டியில் சீட்டுக் கம்பி குத்தும், எந்த நிறுத்தத்து வடையில் உப்பு அதிகம் என்பதெல்லாம் அங்கே பேச்சு. ஆனால் தினமும் யாரும் ஊர் போக முடியாதே. அதற்காகக் குழுவை நடத்துகிற கோயம்புத்தூர் அஸ்வினி ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். ஊர் போகாத நாளில் முந்தின நாளைக் கரும்பு மாதிரி பிழிந்து காலையில் போட வேண்டும். சாறு ஒன்று, சக்கை ஒன்று. நல்லது சாறு. கடுப்பு சக்கை.

திண்டுக்கல்லில் பிளக்ஸ் அடிக்கிற மருது போடுவான்: "சாறு: பத்து நாளாக் கூப்பிட்ட மெக்கானிக் வந்துட்டாரு. சக்கை: மிஷினப் பாத்து உச்சுக் கொட்டிட்டுப் போயிட்டாரு."

அபுதாபியிலிருந்து ஒருவர்: "சாறு: ரூம்ல இன்னைக்கு மீன் குழம்பு. சக்கை: வச்சது நான்."

தமிழ்வாணி தவறாமல் போடுவாள். அவள் இருந்தவரை ராஜபாண்டி அந்தக் குழுவில் இல்லை. சமையலறையில் நின்று அவள் தனியாகச் சிரிப்பது கேட்கும். "என்ன?" என்பான். "ஒண்ணுமில்ல" என்பாள். அவள் போனபிறகு அஸ்வினி அவனைச் சேர்த்துக்கொண்டாள். அப்போதுதான் பழைய பதிவுகளைப் பார்த்தான். சாற்றில் பஸ் இருக்கும், மழை இருக்கும், வாடிப்பட்டி தாண்டினால் வருகிற தென்னந்தோப்பு இருக்கும். சக்கையில் பெரும்பாலும் அவன் இருந்தான்.

"சாறு: பெரியார் பஸ் ஸ்டாண்டுல இருந்து அழகர்கோயில் வரைக்கும் சன்னல் சீட்டு. சக்கை: இவர் தூங்கி என் தோள்ல எச்சி."

"சக்கை: எங்க வீட்டுக்காரர் பால் பாக்கெட்டைக் கத்தரியால வெட்ட மாட்டார். பல்லால கடிக்கிறார். எங்கப்பா எனக்கு மாப்பிள்ளை பாத்தாரா, அணில் பாத்தாரா?"

அன்றிலிருந்து குழுவில் அவனுக்கு 'அணில் அண்ணன்' என்று பெயர். அணில் அண்ணன் இன்று என்ன செய்தார் என்று ஆட்கள் காலையில் கேட்பார்கள். அணில் அண்ணன் கடையில் பாக்கிச் சில்லறை கேட்க மாட்டார். அணில் அண்ணன் தன் சீட்டில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால் நின்றுகொண்டே வருவார். அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். இப்படி ஒரு ஆளைப் பற்றி இருநூறு பேருக்குத் தெரிந்திருந்தது, அந்த ஆளைத் தவிர.

இதையெல்லாம் வாசித்தபோது அவனுக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருந்தது. கன்னம் இருக்கிறது. விரல் படுகிறது. அவ்வளவுதான். கப்பலூர் வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு இறங்குவான்.

பிசகு நடந்தது அவள் போன முதல் வாரத்தில்.

அவர்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்கள் அதிகம் பேச மாட்டார்கள். ஆம்பளைகள் வரிசையாக வந்து கையை நீட்டுவார்கள். வீட்டுக்காரன் தொட்டுக் கும்பிட வேண்டும். யார் என்ன சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது, சொல்லவும் வேண்டியதில்லை. ராஜபாண்டிக்கு இது ஒரு விதத்தில் வசதியாக இருந்தது. பந்தலில் உட்கார்ந்து வருகிற கைகளையெல்லாம் தொட்டான். பந்தல் பிரித்தபிறகு போனில் வந்தார்கள். அதே மாதிரிதான் செய்தான். ஒவ்வொரு செய்திக்கும் கீழே ஒரு கும்பிடு. ஆழ்ந்த இரங்கல், கும்பிடு. நம்ப முடியவில்லை அண்ணா, கும்பிடு. அபுதாபிக்காரர் அழுதுகொண்டே அனுப்பிய குரல் பதிவு, கேட்கவில்லை, கும்பிடு.

அந்த வரிசையில் அஸ்வினி கேட்டிருந்தாள்: "வாணியக்கா போன மாசம் எங்கிட்ட, எல்லாரும் மதுரைக்கு வாங்க, விடியறதுக்குள்ள சமணர் மலை ஏறிடலாம்னு சொன்னாங்க. உங்ககிட்ட கடைசியாப் பேசினதும் அதைத்தானாங்ணா?"

கும்பிடு.

இரண்டு நாள் கழித்து மருது ஒரு படம் செய்து போட்டான். பஸ் சன்னலில் சாய்ந்து தமிழ்வாணி சிரிக்கிற படம். பின்னால் இல்லாத ஒரு சூரியனை உதிக்க வைத்திருந்தான். கீழே பொன்னெழுத்தில்: 'விடியறதுக்குள்ள மலை ஏறிடணும்.' அதற்கும் கீழே சின்னதாக: தமிழ்வாணி கடைசியாகச் சொன்னது.

ராஜபாண்டி அதை பஸ்ஸில்தான் பார்த்தான். "அவ அப்படிச் சொல்லலை" என்று அடித்தான். அனுப்பினால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். பின்னே என்னதான் சொன்னாங்க என்பார்கள். அதற்கு அவனிடம் பதில் இருந்தது. அது அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதை இத்தனை பேர் நடுவில், அந்தப் பொன்னெழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்க முடியாது. அடித்ததை அழித்தான். அதற்குள் நாற்பது பேர் அழுகிற முகம் போட்டுவிட்டார்கள்.

படம் குழுவைத் தாண்டியது. மதுரையில் காதுகுத்துக்கும் பிளக்ஸ், கருமாதிக்கும் பிளக்ஸ். நல்ல வாசகம் கிடைத்தால் ஊர் விடாது. வேறு ஆட்கள் எடுத்துத் தங்கள் பக்கங்களில் போட்டார்கள். ஒரு பெண், வாணியின் வார்த்தை தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்று எழுதி, ஏதோ ஒரு மலையில் நின்று கையை விரித்திருந்தாள். ராஜபாண்டி அந்தப் பெண்ணை இன்னாரென்று அறியான். தமிழ்வாணியும் அறிந்திருக்க மாட்டாள்.

சுற்றிச் சுற்றிப் படம் தமிழ்வாணி பிறந்த கொட்டாம்பட்டிக்கும் போனது.

ஒரு சாயங்காலம் தமிழ்வாணியின் அம்மா முருகம்மாள் கூப்பிட்டாள்.

"மாப்ள, சாப்புட்டீங்களா?"

"சாப்ட்டேன் அத்த." சாப்பிடவில்லை.

"நம்ம சின்னச்சாமி மகன் போன்ல ஒரு படங் காட்டுனான். எம் மகளப் போட்டு என்னமோ எழுதியிருந்துச்சு. வாசிச்சுக் காட்டுடான்னு கேட்டுக்கிட்டேன்."

அவன் போனை மறுகாதுக்கு மாற்றினான்.

"மலைக்குப் போவணும்னா கேட்டா?"

"அத்த..."

"கொறையாச் சொல்லல மாப்ள. உங்கள நான் என்னைக்காச்சும் கொறையாச் சொல்லியிருக்கேனா? இந்தா இருக்கு கீழக்குயில்குடி, கூப்புடு தூரம். வண்டிய எடுத்தா ஒரு வெத்தல போட்டு முடிக்கிறதுக்குள்ள போயிரலாம். ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாதாக்கும்?"

சுவரில் கொடியின் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சாமிக்கு வைக்கிற மாதிரி பழமும் பச்சரிசியும் வச்சுக் கும்புட்டேன். எம்புட்டு வச்சு என்ன? கேட்டது கெடைக்காமப் போனவளுக்குக் கேட்டதையில்ல குடுக்கணும். அந்தப் புள்ளைகள்லாம் ஞாயித்துக்கெழம மலை ஏறுதுகளாம்ல? நானும் வாரேன். மேல வச்சுப் படைச்சுட்டு வந்துர்றேன்."

"உங்களுக்கு மூட்டு முடியாது அத்த. படியே ஏறக் கூடாதுன்னு டாக்டரு..."

"மூட்டு கெடக்கு மூட்டு. வச்சுர்றேன்."

வைத்துவிட்டாள். குரலில் கோபம் இல்லை. மரியாதை ஒரு எழுத்துக் குறையவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவனைக் கேள்வி கேட்காத மனுசி, முதல் தடவையாகக் கேட்டிருந்தாள். அதுவும் அவன் செய்யாத தப்பை.

மறுநாள் அஸ்வினி கூப்பிட்டாள். "அணில்... சாரிங்ணா, ராஜபாண்டிண்ணா. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வர்றோம்ங்ணா. மருது பெருசா ஒரு பிளக்ஸ் அடிச்சிட்டு வர்றார். மலை ஏறுறதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு வார்த்தை பேசோணும். அக்கா கடைசியாச் சொன்னதை உங்க வாயாலயே கேட்டா எங்களுக்கெல்லாம் ஒரு இதுவா இருக்கும்."

"சரி."

"கஷ்டமா இருந்தா வேண்டாம்ங்ணா."

"இல்ல. சரி."

அன்று வேலை முடிந்து மூலக்கரையில் இறங்கினான். அங்கே பரோட்டாக் கடை. கல்லில் பரோட்டா அடிக்கிறவன் அவனைப் பார்த்ததும் தலையை ஆட்டினான். "அண்ணே, எப்பயும்போல நாலா?" ராஜபாண்டியும் தலையை ஆட்டினான். இலையில் நாலு பரோட்டா, கேரி பேக்கில் கட்டிய சால்னா ஒன்று. வீட்டில் உட்கார்ந்து பிரித்தான். இரண்டு பரோட்டாவுக்குச் சால்னா தீர்ந்துவிடும். மீதி இரண்டை வெறுமனே பிய்த்துத் தின்பான். தை மாதத்திலிருந்து அவனுடைய ராச்சாப்பாடு இதுதான். அன்றும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகிற நேரம் ராஜபாண்டி சமணர் மலை அடிவாரத்தில், கீழக்குயில்குடியில் வண்டியை நிறுத்தினான். தாமரைக் குளத்துக்கு மேலே மலை வெறும் பாறையாக நின்றது. அய்யனார் கோயில் ஆலமரத்தடியில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். தோளில் பை, கழுத்தில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். ஒருவரையொருவர் முதன்முதலாக நேரில் பார்க்கிறவர்கள் போலவே இல்லை.

"யோவ், நீதானா அந்த மீன் குழம்பு?"

"ஊருக்கு வந்து எறங்கி ரெண்டு நாள்தான்யா ஆச்சு. இங்கயும் வைக்கச் சொல்லிராதீங்க."

குட்டையான, தாடி வைத்த ஒருவன் ஓடிவந்து ராஜபாண்டியின் கையைப் பிடித்தான். "அணில் அண்ணே!" என்றான். சொன்னதும் முகம் செத்துப்போனது. "அய்யய்யோ. மன்னிச்சிருங்கண்ணே. வாயில வந்துருச்சு. நான் மருது."

"பரவால்ல."

"நெசமாவே பல்லாலதான் கடிப்பீங்களாண்ணே?"

"ஆமா."

"இப்பயுமா?"

"இப்பயும்."

மருது தலையைக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டான். ராஜபாண்டிக்கு ஏன் என்று புரியவில்லை. பால் பாக்கெட்டைப் பற்றித்தானே கேட்டான்.

பிளக்ஸை இரண்டு ஆல விழுதுகளுக்கு நடுவில் கட்டியிருந்தார்கள். தமிழ்வாணி ஆளுயரத்துக்கு மேல் இருந்தாள். அந்தப் படத்தில் பக்கத்தில் அவனும் உட்கார்ந்திருந்தான். வெட்டியெடுத்ததில் ஓரத்தில் அவன் முழங்கை மட்டும் தப்பியிருந்தது. அவள் மூக்குத்தி ஒரு பொத்தான் அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தது. காற்றில் அவள் வயிறு உப்பி அமுங்கியது. விடியறதுக்குள்ள மலை ஏறிடணும். பொன்னெழுத்து நன்றாகத்தான் இருந்தது. யாருடைய வாசகமாக இருந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.

அஸ்வினி வந்தாள். கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். பக்கத்தில் நின்றாள். அதற்குள் நாகமலைப் பக்கமிருந்து ஒரு ஆட்டோ வந்தது. முருகம்மாள் இறங்கினாள். ஒரு கையில் எவர்சில்வர் தூக்குவாளி. அக்குளில் துணிக்கடைப் பை. அதற்குள் புதுச் சேலை. கொட்டாம்பட்டியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தாள். பிளக்ஸைப் பார்த்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். கிட்டே போய் மகளின் கன்னத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். பிளக்ஸ் ஆடியது.

"வாங்கத்த" என்றான் ராஜபாண்டி.

"வந்தேன் மாப்ள." அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "எங்கிட்டு ஏறணும்?"

அஸ்வினி படியைக் காட்டினாள். "அம்மா, நீங்க கீழயே இருங்க. நாங்க மேல கொண்டுபோய் வச்சிர்றோம்."

"நான் பெத்தவ ஆத்தா."

சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள். பாறையில் வெட்டிய படிகள், ஓரத்தில் கைப்பிடிக் கம்பி. ஒரு படிக்கு ஒரு கால் வைத்து, இன்னொரு காலைக் கையால் தூக்கி அதே படியில் வைத்தாள். பிறகு அடுத்த படி. குழு அவளுக்குப் பின்னால் மெதுவாக நகர்ந்தது. கொஞ்ச தூரத்தில் மூட்டு பிடித்துக்கொண்டது. கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டாள். தூக்குவாளியைக் கீழே வைக்கவில்லை, மடியில் வைத்துக்கொண்டாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது.

"அத்த, போதும். எறங்குங்க."

"அவளைத்தேன் ஏத்தல. என்னையவாச்சும் ஏற விடுங்க மாப்ள."

எல்லோருக்கும் கேட்டது. மருது தரையைப் பார்த்தான். முருகம்மாள் கம்பியைப் பிடித்து எழப் பார்த்தாள். முடியவில்லை. வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எழப் பார்த்தாள். இந்தக் காலோடு இந்த மனுசி உச்சிவரை போவாள். போய், மகள் கேட்காத ஒன்றை மகளுக்குக் கொடுத்துவிட்டு வருவாள். பிறகு ஆயுசுக்கும், கேட்டதைக் கொடுக்காத மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் அவனுக்குச் சோறு போடுவாள்.

"அவ ஏறியிருக்கா" என்றான் ராஜபாண்டி.

முருகம்மாள் திரும்பினாள்.

"போன வருசம் சித்திரையில ரெண்டு பேரும் வந்தோம். மத்தியானம். செருப்பக் கீழ கோயில்ட்டயே விட்டுட்டு ஏறலாம்னு அவதான் சொன்னா. பாதியில பாறை சுட்டுருச்சு. இந்தா, இங்கனக்குள்ளதான் உக்காந்தா. என் கைக்குட்டைய வாங்கி ஒரு கால்ல கட்டிக்கிட்டா, துப்பட்டாவ இன்னொரு கால்ல கட்டிக்கிட்டா. மேல போற வரைக்கும் என்னைய வஞ்சா. எறங்குற வரைக்கும் வஞ்சா."

இவ்வளவு நீளமாக அவன் பேசி மாதக்கணக்கு ஆகியிருந்தது.

பின்னாலிருந்து மீன் குழம்புக்காரர் சொன்னார். "அட, ஆமாய்யா. எழுதியிருந்துச்சே அந்தப் புள்ள. 'சக்கை: சமணர் மலை. அந்தக் காலத்துல சாமியாருங்க ஏன் படுக்கையைக் கல்லுல வெட்டுனாங்கன்னு இப்பதான் தெரியுது. ஏறுனதுக்கப்புறம் எவனுக்கும் எறங்கத் தெம்பு இருக்காது.'"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருவன் தொடர்ந்தான். "'பயணம்னா உக்காந்து போறது. நடந்து போறதுக்குப் பேரு தண்டனை.' அதுவும் அன்னைக்குத்தான் போட்டாங்க."

அவர்கள் அத்தனை பேரும் அதை வாசித்தவர்கள். அத்தனை பேரும் அதற்குச் சிரித்தவர்கள். பிளக்ஸ் வந்தபிறகு ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை.

அஸ்வினியின் முகம் வெளுத்திருந்தது. "அப்ப அந்த வார்த்தை... நான் உங்ககிட்ட கேட்டேன்லங்ணா? நீங்க கும்பிட்டீங்களே."

"துட்டி கேட்டு வந்தவங்களுக்குக் கும்பிட்டேன். எல்லாருக்கும் போட்டேன். நீ கேட்டிருந்தத நான் வாசிக்கல."

"ஒரு வார்த்தை, இல்லேன்னு சொல்லியிருக்கலாமேங்ணா?"

மருது சட்டென்று படியிறங்கிப் போனான். கீழே பிளக்ஸின் கயிற்றை அவிழ்க்கப் பார்ப்பது தெரிந்தது. முடிச்சை இறுக்கிக் கட்டியிருந்தான். நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தான்.

முருகம்மாள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள். தூக்குவாளியை இறக்கிப் பக்கத்தில் வைத்தாள். செருகியிருந்த சேலையை உருவிக் காலை மூடினாள். பாறை இன்னும் குளிர்ச்சியாக இருந்தது. கீழே குளத்தில் ஒருவன் வலையை உதறினான்.

"கால் ரொம்பச் சுட்டுருச்சோ?" என்று கேட்டாள்.

"கொப்புளம் போட்டுச்சு. ரெண்டு நாள்ல சரியாப் போச்சு."

"எங்கிட்ட மூச்சு விடலயே, கள்ளி." கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். அவன் முகத்தைத்தான் பார்த்தாள். "சரி. அப்ப என்னதேன் சொல்லிட்டுப் போனா?"

"ஒண்ணுமில்லத்த."

"ஒண்ணுமில்லாமயா? எம் மகளா? வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவுல நாலு சேதி சொல்லாம அவளுக்குக் காலு நகராதே."

"பெருசா ஒண்ணுமில்ல. சாதாரணமாத்தான்."

"பெருச நான் கேட்டனா? இந்தப் புள்ளைக கேட்டாலும் கேக்கும். எனக்கு அவ சொன்னதச் சொல்லுங்க."

குழு படிகளில் அங்கங்கே நின்றது. யாரும் போனை எடுக்கவில்லை. அஸ்வினி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். ராஜபாண்டி ஒரு படி கீழே, அத்தையின் காலடியில் உட்கார்ந்தான்.

அவள் பள்ளிக்கூடத்தில் சாய்ந்த அன்று காலை அவன் பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் துலக்கிக்கொண்டிருந்தான். அவள் கிளம்பிவிட்டாள். வாசலுக்கு வெளியே ஒரு செருப்பை மாட்டியும் இன்னொன்றைக் காலால் தேடியும் நின்றாள். சுவரில் ஒரு கை. தோளில் பை. பள்ளிக்கூட அடையாள அட்டையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய நுரையோடு அவன் எட்டிப் பார்த்தான். அவள் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள். பஸ் வருகிற நேரம். அவசரம்தான். ஆனாலும் ஒவ்வொரு வார்த்தையையும் விரலை ஆட்டி ஆட்டி, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"ஏங்க, ராத்திரிக்கு மாவு இல்ல. வரும்போது நாலு பரோட்டா வாங்கியாந்துருங்க. சால்னா ரெண்டு கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க, கேக்காட்டி ஒண்ணுதான் குடுப்பான்."